இடது கன்னம்

ஆகஸ்ட் 4, திங்கள்

தோல் டாக்டர் நசீமா சொன்னபடி இன்று முதல் எழுதுகிறேன். "தினமும் ரெண்டு வரி போதும். என்ன போட்டீங்க, எரிஞ்சுதா, அரிச்சுதா, செவந்துச்சா. அடுத்த தடவை வர்றப்ப கொண்டாங்க" என்றார். எனக்கு இரண்டு வரியில் நிறுத்தத் தெரியாது. இ-சேவை மையத்தில் நாள் முழுக்க அடுத்தவர்கள் விவரத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுக்கிறவள் நான். கட்டமே இல்லாத நோட்டு கையில் கிடைத்தால் விடுவேனா.

பெயர்: பொன்ராணி. வயது: 31. ஊர்: அருப்புக்கோட்டை. பிரச்சினை: இரண்டு கன்னத்திலும் மங்கு. பிரச்சினை என்று சொன்னவர்: என் மாமியார்.

நவம்பர் பத்தாம் தேதி என் கொழுந்தன் முத்துராஜுக்குக் கல்யாணம். கல்யாண வீடியோவில் மூத்த மருமகள் இல்லாத இடம் இருக்காது. அந்த முகத்தில் இப்படித் திட்டுத் திட்டாகக் கறுப்பு இருந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அத்தைக்கு ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. அதனால் இன்று லீவு போடவைத்துக் கூட்டிப் போனார்.

"மங்கு எப்ப இருந்து இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். போன நவம்பரிலிருந்து என்றேன். "அப்ப மாசமா இருந்தீங்களா?"

"அது தங்கல டாக்டர்" என்றார் அத்தை.

"குழந்தைங்க?"

"இன்னும் இல்ல."

"அடுத்து எதுவும் எதிர்பார்க்கறீங்களா?"

"ஆமா, தைக்கு மேல." அதற்கும் அத்தைதான். கேள்வி எனக்கு, பதில் அத்தையுடையது. தங்கவில்லை என்றால் ஏதோ பஸ்ஸில் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. எட்டு மாதம் தங்கியது. அதை நான் அங்கே சொல்லவில்லை.

குழந்தை எதிர்பார்க்கிறவர்களுக்குச் சில மருந்துகள் ஆகாதாம். இது ஆகுமாம், கர்ப்பத்திலும் போடலாமாம். பெயர் அசெலாயிக் ஆசிட். ஆசிட் என்றதும் அத்தை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "முகத்துலயா டாக்டர்? கல்யாணத்துக்கு முகம் வேணுமே" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, அது கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற சமாச்சாரம்தான், பயப்பட வேண்டாம் என்றார். வரும் வழியெல்லாம் அத்தை, "கோதுமைல இருக்கறதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி, நம்ம வீட்டுல ஒரு டப்பா மாவு இருக்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

முறை: முகம் கழுவித் துடைத்து, முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் பட்டாணி அளவு கிரீம். காலையில் மறக்காமல் சன்ஸ்கிரீன். மூன்று மாதம் பொறுமை வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று சாப்பிட்டு முடித்ததும் போட்டேன். ஐந்தாவது நிமிடம் கன்னத்தில் எறும்பு ஊர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் எறும்பு இல்லை. இருபது நிமிடம் ஊர்ந்துவிட்டுப் போய்விட்டது. இது வழக்கம்தான், சொறியக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். சொறியவில்லை. தலையணை உறையைச் சொறிந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அரிப்பு உண்டு. சிவப்பு இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

சனிக்கிழமைதோறும் ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம், ஒரு போட்டோ. இது டாக்டர் உத்தரவு. ஊரில் பாதிப் பேருக்கு ஆதார் போட்டோ எடுத்தவள் நான். தலையை நேராக வையுங்கள், காது தெரியட்டும், சிரிக்காதீர்கள் என்று அதட்டுகிறவள். இன்று என்னை இவர் எடுத்தார்.

இவர் என் வீட்டுக்காரர், அழகர்சாமி. மினி பஸ் ஓட்டுகிறார். விடியற்காலை ஐந்தரைக்குப் போனால் இரவு எட்டுக்கு வருவார். போட்டோ எடுத்துவிட்டு போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா விழுந்துருக்கு" என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். இந்த வாரத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். முன்பு அப்படி இல்லை. முன்பெல்லாம் பஸ்ஸில் எந்தக் கிழவி கோழியை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு டிக்கெட் கேட்டாள் என்பதுவரை சொல்லுவார். நான்தான் போதும் என்பேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பச்சைக் குழந்தைக்கு ஆதார் போட ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். குழந்தைக்கு நாற்பத்தெட்டு நாள். கேமராவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது அது.

"உங்களுக்கும் மங்காக்கா? எனக்கும் அஞ்சாம் மாசம் வந்துச்சு. இங்க பாருங்க" என்று தன் நெற்றியைக் காட்டினாள். பிறகு கேட்டாள். "எத்தன புள்ளைங்கக்கா?"

"ஒண்ணு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?"

"சர்வர் நின்னுருச்சும்மா. ஒரு பத்து நிமிஷம் வெளிய இரு" என்றேன்.

சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என் முன்னால் திரையில் அந்தக் குழந்தையின் பாரம் திறந்திருந்தது. ஆண், பெண் என்று இரண்டு வட்டம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை அதில் ஒன்றைத் தொடுகிறேன். என் குழந்தைக்கு எதைத் தொடவேண்டும் என்று எனக்குத் தெரியாது.

டாக்டர், இந்தப் பக்கம் உங்களுக்கு இல்லை. உங்களுக்கு வேறு தாளில் சுத்தமாக எழுதித் தருகிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கிரீம் போட்டேன். அரிப்பு குறைந்திருக்கிறது.

ஆரம்பித்துவிட்டேன், எழுதித்தான் பார்ப்போம்.

பிப்ரவரி 21. எட்டாம் மாதம். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது காலில் ஈரம் தெரிந்தது. குனிந்து பார்த்தால் ரத்தம். ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்தார்கள். பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார்கள், ஏழு வரை எண்ணினேன். கண் விழித்தபோது சாயங்காலம். வயிற்றில் தையல் போட்டிருந்தார்கள், ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தொட்டில் இல்லை. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இவர் போய்ப் புதைத்துவிட்டு வந்து, தலைக்குக் குளித்த ஈரத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வயிற்றிலேயே போன பிள்ளையைத் தாய்க்குக் காட்ட மாட்டார்கள், எங்கள் பக்கம் அது வழக்கம். என்ன பிள்ளை என்றும் சொல்ல மாட்டார்கள். "கேக்காத ராணி. தெரிஞ்சா நெனப்பு கூடிப்போகும். தெரியாட்டி மறந்துரும்" என்று அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டார். நானும் கேட்கவில்லை. முதல் மாதம் கேட்கத் தெம்பில்லை. இரண்டாவது மாதம் இவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை. அப்புறம் கேட்காததே பழகிவிட்டது. ஸ்கேன் படம், வளைகாப்பு வளையல், ஆசைப்பட்டு முன்கூட்டியே வாங்கிய இரண்டு சட்டை, ஆஸ்பத்திரி பைல் எல்லாம் அத்தையின் பீரோவிலோ வேறெங்கோ. நான் தேடவும் இல்லை.

வளைகாப்பில் என் கன்னத்தில் சந்தனம் பூசிய இரண்டு பெண்கள் இந்த மங்கை வைத்துத்தான் சண்டை போட்டார்கள். முகம் கறுத்தால் பையன் என்று ஒருத்தி. தாயின் அழகை எடுத்துக்கொள்வது பெண் பிள்ளைதான் என்று இன்னொருத்தி. நான் சிரித்துக்கொண்டே இரண்டு கன்னத்தையும் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் சொல்வார்கள். எந்தப் பதிவேட்டில் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியும், அதுதானே என் பிழைப்பு. ஆனால் ஒரு கட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு மனமில்லை. கட்டத்தில் தப்பாக அடித்துவிட்டுத் திருத்தம் போடுகிற கதை தினமும் பார்க்கிறேன். கண்ணால் பார்த்த ஒரு ஆள் வாயால் சொல்ல வேண்டும். முடி இருந்ததா, மூக்கு யாருடையது என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் தினமும் என் கையால் இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ் எடுக்கப் போகிறார்.

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டரிடம் இரண்டாவது முறை. சுத்தமாக எழுதிய தாளைக் கொடுத்தேன். நாலு வாரமும் இரண்டிரண்டு வரி. படித்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிட்டு வந்ததில்ல" என்றார். வெட்கமாக இருந்தது.

மாற்றம் ஒன்றும் இல்லை. நாலு போட்டோவும் ஒன்றேபோல இருக்கின்றன. அத்தைக்கு ஏமாற்றம். எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது, காரணம் யோசிக்கவில்லை. இனி காலையிலும் போட வேண்டும். காலையில் கிரீம், அதன் மேல் சன்ஸ்கிரீன்.

செப்டம்பர் 11, வியாழன்

முத்துராஜுக்குப் பூ வைக்கிற விழா. பெண் வீட்டில். பெண் பெயர் கௌசல்யா. நல்ல பெண், என் கையைப் பிடித்து அக்கா என்று கூப்பிட்டாள்.

கிளம்பும்போது அத்தை ஒரு முழம் மல்லிகையை என் தலையில் வைத்தார். வேண்டாம் என்றேன், வைத்துவிட்டார். வேனில் ஏறியதும் எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேன். அத்தை பார்த்துவிட்டார். நல்ல காரியத்துக்குப் போகும்போது தலைப்பூவைப் பிய்த்து எறிகிறாளே என்று போகும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவர் முன் சீட்டில். திரும்பவில்லை.

கிரீம் போடவில்லை. அலுப்பு.

செப்டம்பர் 13, சனி

கிரீம் போட்டேன். சன்ஸ்கிரீன் போட்டேன். போட்டோ எடுத்தேன்.

அத்தை இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மறந்திருப்பார் போல. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. நெஞ்சு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. பால் வற்ற வேண்டும் என்று இரண்டு பக்கமும் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டது அத்தைதான். நாலு நாள் காலையும் மாலையும் பூ மாற்றினார். பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை, அது பாட்டுக்குச் சுரந்துகொண்டிருந்தது. வாடிய மல்லிகையும் பாலும் சேர்ந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதற்கப்புறம் நான் மல்லிகை வைப்பதில்லை. கனகாம்பரம் வைக்கிறேன். இதைச் சொன்னால் அத்தைக்குப் புரியும். சொல்ல வேண்டுமானால் முழுதும் சொல்ல வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 20, சனி

இன்றைய போட்டோவில் தெரிகிறது. ஓரங்கள் கரைகின்றன. மூக்கின் மேல் இருந்தது கிட்டத்தட்டப் போய்விட்டது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "கோதுமையோ என்னமோ, வேல செய்யுது" என்று ஒரு வாரக் கோபத்தை விட்டுவிட்டார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். "கல்யாணத்துக்குள்ள பழைய முகம் வந்துரும்" என்றார்.

பழைய முகம் என்றால் கல்யாணமான புதிதில் இருந்த முகம். அந்த முகத்தில் ஒன்றும் நடந்திருக்காது.

வயிற்றில் தழும்பு இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். அது டாக்டர் போட்டது. கன்னத்தில் இருப்பது பிள்ளை போட்டது. ஐந்தாம் மாதத்திலிருந்து உள்ளே இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டது. அது இருந்தது என்பதற்கு என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. இதைத்தான் நான் காலையும் மாலையும் பட்டாணி அளவு எடுத்து அழித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கிரீம் போட்டேன். இடது பக்கம் கொஞ்சம் எரிச்சலாக இருப்பதால் அந்தப் பக்கம் போடவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

போட்டேன். இடது பக்கம் இன்னும் எரிச்சல்.

அக்டோபர் 4, சனி

இடது பக்கம் எரிச்சல் எதுவும் இல்லை. எனக்கே நான் எதற்குப் பொய் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இரண்டு வாரமாக வலது கன்னத்தில் மட்டும் போடுகிறேன். இடது கன்னத்தில் கிரீமும் இல்லை, சன்ஸ்கிரீனும் இல்லை. ஸ்கூட்டியில் போகும்போது துப்பட்டாவைச் சுற்றுவதில்லை. கிழக்கே பார்த்துப் போகையில் இடது பக்கம் வெயில் படும்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். முப்பத்தொரு வயதில் செய்கிற காரியமா இது.

போட்டோ எடுக்கும்போது இவர், "இந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று போனைக் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 8, புதன்

அத்தை மருந்துக் கடைக்காரரிடம் போய், இந்த டியூப் ஒரு கன்னத்துக்குத்தான் கேட்கிறது, பாதி போலியா என்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். பாவம் அந்த மனிதர்.

அக்டோபர் 13, திங்கள்

மூன்றாவது முறை டாக்டரிடம். விளக்கை வைத்து இரண்டு கன்னத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அத்தையிடம், "அம்மா, கொஞ்ச நேரம் வெளிய இருங்களேன்" என்றார். அத்தைக்கு விருப்பமில்லை. இருந்தாலும் போனார்.

"மருந்துக்கு வலது இடது தெரியாதுங்க" என்றார் டாக்டர். "இந்தப் பக்கம் போடறதில்லயா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"இல்ல."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், டோக்கன் பார்த்துவிட்டுத்தானே உள்ளே வந்தேன். அதனால் அவசர அவசரமாகச் சொன்னேன். எட்டு மாதம், மயக்கம், யாரும் சொல்லவில்லை, இது மட்டும்தான் இருக்கிறது. மொத்தமாக நாலு வாக்கியம் இருக்கும். இந்த நோட்டைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "மங்கு இருந்தா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க போடணும்னு கட்டாயம் இல்ல" என்றார். "ஆனா ஒண்ணு மறைக்கக் கூடாது. மாசமா இருக்கறப்ப வர்ற மங்கு நிறைய பேருக்குத் தானாவே குறையும். சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். மருந்து கொஞ்சம் சீக்கிரமா செய்யுது, அவ்வளவுதான். போடாம விட்டாலும் இதுவும் போயிரலாம்மா. உங்க வலது கன்னத்துல பாதி அதுவாவே போனதா இருக்கும்."

வெயிலில் காட்டினால் நிற்குமா என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத வச்சுக்க முடியாதும்மா" என்றார்.

வெளியே அத்தை, "என்ன சொல்லுச்சு?" என்றார். மருந்து நல்ல மருந்துதான், போலி இல்லை என்றேன்.

அக்டோபர் 15, புதன்

தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து முறுக்கு சுட்டோம். அத்தை பிழிய, நான் எண்ணெய்ச் சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஈடு போட்டபோது கேட்டுவிட்டேன்.

"அத்தை, அது என்ன புள்ள?"

எந்தப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. அச்சை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுத்தா" என்றார்.

நான் நம்பவில்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முறுக்கு சிவந்துகொண்டிருந்தது.

"நெசமா நான் பாக்கல. நர்ஸ் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்துச்சு. அதே நேரத்துக்கு உள்ள இருந்து இன்னொரு நர்ஸ் ரத்தம் வேணும், ரத்தம் வேணும்னு ஓடியாந்துச்சு. நான் அந்தப் பக்கம் ஓடிட்டேன். எனக்கு நீ பொழைக்கணும்னு இருந்துச்சு, வேற ஒண்ணும் கண்ணுல படல. துணிய அவன்தான் கையில வாங்குனான்."

"அவருகிட்ட நீங்க கேக்கலயா?"

"எப்படிக் கேப்பேன்? சுடுகாட்டுல இருந்து வந்தவன் முகத்த நீ பாக்கல. அன்னைக்கு இருந்து அவன் எங்கிட்டயும் பேசறதில்ல." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கப் போய், கையில் மாவு இருப்பதைப் பார்த்து விட்டுவிட்டார். "கேக்காதன்னு உன்னச் சொன்னது உனக்காக மட்டும் இல்ல. நீ அவனப் போயிக் கேட்டுருவியோன்னுதான்."

முறுக்கு கருகிவிட்டது. அந்த ஈட்டை அத்தை தனியாக எடுத்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "மல்லிப்பூ வச்சுக் கட்டுனத நான் மறந்துட்டேன் ராணி" என்றார். நான் சொல்லவே இல்லை. எப்படி நினைவு வந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

கிரீம் போடவில்லை. எந்தப் பக்கமும் போடவில்லை.

ஆக, உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பார்த்திருக்கிறார். நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

இவருடைய பஸ் பன்னிரண்டரைக்குக் குருணைக்குளம் போய்ச் சேரும். ஒன்று பத்துக்குத்தான் திரும்பக் கிளம்பும். நடுவில் நாற்பது நிமிடம் வேப்பமரத்தடியில் நிற்கும். கண்டக்டர் சாப்பிடப் போய்விடுவார். இவர் பஸ்ஸிலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். இதெல்லாம் அவர் முன்பு பேசிக்கொண்டிருந்த காலத்தில் சொன்னது. ஸ்கூட்டியில் போனேன்.

என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "அம்மாவுக்கு ஏதும் ஆயிருச்சா?" என்றார். இல்லை என்று சொல்லி ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நீளமான சீட்டில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. டிபன் பாக்ஸில் காலையில் நான் வைத்த புளிச்சோறு. வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை.

"நம்ம புள்ளயப் பாத்தீங்கல்ல. எப்படி இருந்துச்சு, சொல்லுங்க" என்றேன்.

அவர் டிபன் பாக்ஸை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திரும்ப அழுத்தினார். "நான் பாக்கல ராணி" என்றார்.

எட்டு மாதமாக இவர் எதையோ தன்னிடமே வைத்துக்கொண்டு எனக்குத் தராமல் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். உள்ளுக்குள் எத்தனை முறை திட்டியிருக்கிறேன். அவரிடம் ஒன்றும் இல்லை. யாரிடமும் ஒன்றும் இல்லை.

"துணியப் பிரிக்கணும்னு ரெண்டு மூணு தடவ கை போச்சு. மொகத்தப் பாத்துட்டா மண்ணப் போட முடியாதுன்னு பயந்துட்டேன். ஆம்பளயா பொம்பளயான்னு நர்ஸ் சொல்ல வந்துச்சு, வேணாம், சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன். உங்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? பெத்தவன் பாக்காமயே போட்டுட்டு வந்துட்டேன்னா?" அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீ கேக்கல. கேக்காத வரைக்கும் நல்லதுன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எதற்கு எது என்று பிரிக்கத் தெரியவில்லை. அவரை ஓங்கி ஒரு அடி அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரியில எழுதி வச்சிருப்பாங்க. நான் போயிக் கேட்டுட்டு வரவா?" என்றார்.

"பொறவு பாப்போம்" என்றேன். "உங்களுக்கு என்ன தெரியுமோ அத மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணும் தெரியாது ராணி." டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, "சூடா இருந்துச்சு" என்றார்.

அப்புறம் அவராகச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் ஆட்டோக்காரரை மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார். "அங்க போனதும் குழி வெட்டுறவரு குடுங்க தம்பின்னாரு. என்னால குடுக்க முடியல. துணிக்குள்ள இன்னும் சூடு இருந்துச்சு. சூடோட எப்படி மண்ணுக்குள்ள வைக்கிறது? ஆறட்டும்னு ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன். அவரு ஒரு பீடி குடிச்சிட்டு வந்தாரு. பாத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் திரும்ப வந்தாரு. வெயில் என் கால் வரைக்கும் வந்துருச்சு. நான் கையிலயே வச்சிருந்தனா, அதான் ஆறல போல."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. வேப்பமரத்திலிருந்து காய்ந்த இலை பஸ்ஸின் மேல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எவ்வளவு பெருசு இருந்துச்சு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல் முறையாக நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து எனக்கு முன்னால் நீட்டினார். ஒரு உள்ளங்கை தலையைத் தாங்குகிற மாதிரி கொஞ்சம் குழிந்திருந்தது. இன்னொரு கையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். யோசித்து, இன்னும் ஒரு விரற்கடை பக்கத்தில் கொண்டுவந்தார். "இவ்வளவு" என்றார்.

ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூட இருக்கும். அந்த இடைவெளியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கைய எடுக்காதீங்க" என்றேன்.

எடுக்கவில்லை. ஒன்று ஐந்துக்கு ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். ஒரு பெண் கீரைக்கட்டோடு ஏறினாள், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் பின்னால் போய் நின்றார். ஒன்று பத்தும் ஆகிவிட்டது. "டிரைவரண்ணே, நேரமாச்சுல்ல, எடுக்கலயா?" என்று கீரைக்காரப் பெண் கேட்டாள்.

இவர் கையை அப்படியே வைத்திருந்தார்.